முத்துக் குளிப்போரைப் பாடியவரின் பியானோ

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முத்துக்கும் சங்குக்கும் துறைமுகத்துக்கும் பெயர்பெற்ற இந்தத் தூத்துக்குடியில், ஒரு பிரெஞ்சுச் சங்கீத கர்த்தாவின் பியானோ உருப்படிகள் அனைத்தையும் தனி ஒரு வித்வான் ஒன்று விடாமல் வாசிப்பது என்னும் விஷயத்தை நான் பேசுபொருளாக எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. அந்தச் சங்கீத கர்த்தாவின் பெயர் ஜார்ஜ் பிஸே. 1838-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பாரிஸில் பிறந்த அவர், இந்தியாவையோ இலங்கையையோ ஒருநாளும் கண்ணால் கண்டவரல்லர். ஆயினும் தமது 24-ஆம் வயதில், இலங்கைக் கடற்கரையைக் களமாகவும் முத்துக் குளிக்கும் மக்களைக் கதைமாந்தராகவும் கொண்ட ஓர் இசைநாடகத்தை இயற்றி, 1863-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பாரிஸின் லிரிக் நாடக அரங்கில் மேடையேற்றினார். ‘முத்துக் குளிப்போர்’ என்பதே அதன் பெயர். இலங்கையின் முத்துப் பார்கள் கிடப்பதும் நம்முடைய முத்துப் பார்கள் கிடப்பதும் மன்னார் வளைகுடா என்னும் ஒரே நீர்ப்பரப்பில்தான் என்பதையும், இக்கரைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் முத்துக் குளிப்புக்குச் சலாபம் கூறப்பட்ட காலங்களில் தோணி கட்டிக்கொண்டு அக்கரைக்குச் சென்று குளித்து வந்தவர்கள் என்பதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸ் நகரத்து இளைஞர் ஒருவர் நம்மவரைக் கற்பனையில் கண்டு பாடினார். அவருடைய சிருஷ்டியை நாம் முழுவதும் கேட்டறிய வேண்டும் என்பதே என் கட்சி.

அந்த நாடகத்தின் கதையை இங்கே விரிக்க நேரமில்லை. நாதிர், ஸுர்கா என்னும் இரு நண்பர்கள், லைலா என்னும் ஒரு கன்னிகை, அவர்களுக்கிடையே எழும் காதலும் பகையும் என்று அது வழக்கமான தடத்திலேயே செல்கிறது. கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவைக் களமாக எண்ணியிருந்து, பிறகு இலங்கைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பதிலிருந்தே நம் நாட்டைப் பற்றிய அவர்களுடைய ஞானம் எவ்வளவு என்பது விளங்கும். ஆனால் ஒரு செய்தி மட்டும் என்னை வியக்க வைக்கிறது. முத்துக் குளிப்போர் கடலில் இறங்கியிருக்கும் நேரமெல்லாம், முகத்திரையிட்ட அந்தக் கன்னிகை கரைப்பாறையில் நின்று தெய்வங்களைப் பாடித் தீய சக்திகள் அவர்களை அண்டாமல் காக்க வேண்டும் என்பது நாடகத்தின் மூலக் கட்டு. நம் கடற்கரையில் அப்படி ஒரு கன்னிகை இருந்ததில்லை. ஆனால் ‘கடல்கட்டி’ இருந்தான். சுறாக்களின் வாயைக் கட்டுபவன் என்று நம்பப்பட்ட அந்த மனிதன், பரம்பரை உரிமையாக அந்தத் தொழிலைப் பெற்று, குளிப்பு நடக்கும்வரை மந்திரம் ஓதியவண்ணம் இருப்பான். அவன் இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தார்கள் என்பதனால், ஆங்கில அரசாங்கமே அவனுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. பாரிஸ் எழுத்தாளர்கள் ஏதோ பிரயாண நூலில் இதைப் படித்து மாற்றியமைத்தார்களோ, தற்செயலாகவே அமைந்ததோ, எவ்வாறாயினும் நாடகத்தின் உயிரான அந்தக் கட்டு நம் கடற்கரையின் உண்மை நடப்பைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது.

நாடகம் 18 முறை நடிக்கப்பெற்று நின்றுபோயிற்று. பத்திரிகை விமர்சகர்கள் பெரும்பாலோர் அதைத் தூற்ற, சங்கீத கர்த்தா பெர்லியோஸ் ஒருவர் அதில் அழகுகள் உண்டென்று மனமுவந்து எழுதினார். ஆசிரியர் உயிரோடிருந்த காலத்தில் அது மீண்டும் மேடையேறவேயில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலான பின், மிலான் நகரத்து ஸ்காலா அரங்கில் 1886-இல் அது புத்துயிர் பெற்றபோது, மூலப் பிரதி கைக்குக் கிடைக்காமையால் பதிப்பாளர்கள் தம் விருப்பம்போல் இடங்களை மாற்றியும் முடிவைத் திரித்தும் வெளியிட்ட வடிவமே உலகெங்கும் பரவியது. அந்தத் திரிபுகளைக் களைந்து ஆசிரியரின் கருத்தை மீட்க முற்பட்ட அறிஞர்களுக்கு நெடுங்காலம் ஊன்றுகோலாக இருந்தது எது தெரியுமா? 1863-இல் அச்சான, பாட்டும் பியானோவும் மட்டுமே கொண்ட சுருக்கப் பிரதி. வாத்தியக் குழு முழுவதும் வாசிக்க வேண்டிய நாடகத்தின் உண்மையான உருவத்தைப் பத்து விரல்களால் வாசிக்கும் ஒரு பியானோப் பிரதிதான் காத்து வைத்திருந்தது. இதைச் சொல்வதன் மூலம் என் பேச்சின் மையத்துக்கு வந்துவிட்டேன். ஏனெனில் பிஸேயின் வாழ்வில் பியானோ வகித்த ஸ்தானத்தை அறியாதவர்களுக்கு அவர் பாதிதான் தெரிந்தவர்.

உலகம் அவரைக் ‘கார்மன்’ என்னும் இசைநாடகத்தை இயற்றியவர் என்று அறியும். நம் ஊர் ரசிகர்களிற் சிலர், இரு நண்பர்கள் சேர்ந்து பாடும் ‘முத்துக் குளிப்போர்’ நாடகத்துப் பாட்டையும் கேட்டிருக்கக் கூடும். ஆனால் அவர் தம் காலத்தின் தலைசிறந்த பியானோ வித்வான்களுள் ஒருவர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பத்து வயது நிறைவதற்குள் பாரிஸ் சங்கீதக் கலாசாலையில் சேர்க்கப்பட்டு, மர்மோந்தெல் என்னும் பெரும் ஆசிரியரிடம் பயின்று, 1852-இல் பியானோவுக்குரிய முதற் பரிசைப் பெற்றார். 1861-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, அவருடைய ஆசிரியர் ஹலெவியின் வீட்டு விருந்தில் மாமேதை லிஸ்ட் கலந்துகொண்டு, தாமும் ஹான்ஸ் ஃபான் பியூலோவும் தவிர ஐரோப்பாவில் எவரும் வாசிக்க முடியாதென்று தாம் கருதிய ஒரு கடினமான உருப்படியை வாசித்துக் காட்ட, இளைஞர் பிஸே அதன் ஒரு பகுதியைக் கேட்ட மாத்திரத்தில் நினைவிலிருந்தே வாசித்துவிட்டு, பின் கையெழுத்துப் பிரதியை முன்வைத்தபோது முழுவதையும் தடையின்றி வாசித்து முடித்தார் என்றும், இரண்டு பேர் என்று எண்ணியிருந்தேன், மூவர் என்று இப்போது தெரிகிறது என்னும் கருத்துப்பட லிஸ்ட் வியந்து பாராட்டினார் என்றும் அவருடைய சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். அத்தகைய ஆற்றல் படைத்தவர் கச்சேரி மேடையை நாடவில்லை. நாடக அரங்கிலேயே தம் புகழ் அமைய வேண்டுமென்று உறுதி பூண்டிருந்த அவர், பியானோவைக் கொண்டு ஜீவனம் மாத்திரம் நடத்தினார்: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, பிறருடைய இசைநாடகங்களைப் பியானோவுக்குச் சுருக்கி எழுதிப் பதிப்பாளர்களிடம் கொடுப்பது. பல்வேறு ஆசிரியர்களின் 150 பாட்டுகளைத் தனிப் பியானோவுக்கு மாற்றி அவர் எழுதிக் கொடுத்த ஒரு தொகுதியே உண்டு. இப்படி இரவும் பகலும் பிறர் சரக்கைச் சுமந்த உழைப்புக்கிடையே, தமக்கென்று எழுதிய பியானோ உருப்படிகள் ஒரு சிறு தொகை. 1875-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் ‘கார்மன்’ அரங்கேறியது. சரியாக மூன்று மாதங் கழித்து, ஜூன் 3-ஆம் நாள், 36 வயதில் அவர் மறைந்தார். அந்தச் சிறு தொகை அலமாரிகளில் தங்கிவிட்டது.

இனி, ஒருவருடைய பியானோ உருப்படிகள் முழுவதையும் தனி ஒருவர் வாசிப்பது என்னும் மரபைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். லிஸ்ட்டின் பியானோ இசை முழுவதையும் ஆஸ்திரேலியாவில் பிறந்த லெஸ்லி ஹோவர்ட் ஹைபீரியன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது அது 99 குறுந்தட்டுகளாக விரிந்தது. 1985-இல் தொடங்கிய அந்தப் பெருவேள்வி ஒரு மனிதனின் நடு வயதையே விழுங்கிவிட்டது. பிராம்ஸின் பியானோ இசையை 1960-களில் ஜூலியஸ் கட்சென் என்னும் அமெரிக்கர் முழுமையாக வாசித்துப் பதிவு செய்து, அதன்பின் அதிகநாள் வாழாமல் 1969-இல் காலமானார். இடில் பிரெட் என்னும் துருக்கி நாட்டு அம்மையார் ஷோபான், பிராம்ஸ், ரக்மானினாஃப் ஆகிய மூவரையும் முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார். இவற்றோடு ஒப்பிட்டால் பிஸேயின் தனிப் பியானோ இசை மிகக் குறைவு. ஜூலியா செவேருஸ் என்னும் கலைஞர் நாக்ஸாஸ் நிறுவனத்துக்காக அதை முழுமையாகப் பதிவு செய்தபோது, இரண்டே குறுந்தட்டுகளில் அது அடங்கிவிட்டது. இரண்டு மாலைப் பொழுதுகளில் ஒரு மனிதரின் பியானோ இசை முழுவதையும் கேட்டுவிடலாம் என்னும் வசதி, ரொமாண்டிக் இசை ஓங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆசிரியர்களுள் மிகச் சிலரிடமே நமக்குக் கிடைக்கும்.

ஏன் முழுவதையும் கேட்க வேண்டும், தேர்ந்த இரண்டு மூன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஊர்க் கடற்கரையிலிருந்தே விடை கூறுவேன். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஒரு பங்கைக் குளிகாரருக்கு விட்டது. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு, வாய் திறவாத சிப்பிகளாகவே ஏலம் போயிற்று. ஏலம் எடுத்த வியாபாரி எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுகொள்ள முடியாது. அத்தனையையும் அழுகவிட்டு, நாற்றத்தைப் பொறுத்து, கழுவி அரித்துப் பார்த்தவனுக்கே முத்து. பிஸேயின் பியானோ இசை இன்று வாய் திறவாத குவியல். அதில் எது விலையுயர்ந்தது என்று பிறர் சொல்லக் கேட்டு நாம் தீர்ப்புச் செய்ய இயலாது. திறந்து பார்க்க ஒரு வித்வான் வேண்டும், உடனிருந்து பொறுமையாகக் கேட்க ஒரு சபை வேண்டும்.

கால வரிசைப்படி கேட்டால் நமக்குக் கிடைப்பது இது. முதலில் பதினைந்து வயதுப் பிள்ளை எழுதிய இரவுப்பாட்டும், கச்சேரிக்கென்று எழுதிய பெரிய வால்ஸும் 1854-ஆம் ஆண்டுக்குரியவை. ஷோபானையும் வெபரையும் பாடம் செய்த விரல்கள் அவற்றில் தெரிகின்றன. சொந்தக் குரல் இன்னும் உடையவில்லை. அடுத்து, ரோமாபுரிப் பரிசு பெற்று இத்தாலி சென்ற காலத்தை ஒட்டிய மூன்று சித்திரங்கள். இவற்றைப் பியானோவிலும் வாசிக்கலாம், ஹார்மோனியத்திலும் வாசிக்கலாம் என்று அமைத்திருப்பது, ஹார்மோனியத்தோடு வளர்ந்த நமக்கு ஒரு தனி உவகை. பிறகு சில ஆண்டுகள் இடைவெளி. 1865-இல் தம் ஆசிரியர் மர்மோந்தெலுக்குக் காணிக்கையாக்கிய ‘விந்தை வேட்டை’ என்னும் பாய்ச்சல் மிகுந்த உருப்படியும், ரைன் நதியைப் பற்றி ஜோசஃப் மெரி எழுதிய கவிதைகளைத் தழுவிய ஆறு உருப்படிகளும் வருகின்றன. விடியல், புறப்பாடு, கனவுகள், நாடோடிப் பெண், அந்தரங்கம், திரும்புதல் என்று ஒரு படகுப் பிரயாணமாக அமைந்த இந்த ஆறில், மெண்டல்ஸோனின் சாயல் மிகுதி என்று குறை கூறுவாருண்டு. நான்காவதான நாடோடிப் பெண்ணைக் கேட்டுவிட்டுக் ‘கார்மன்’ கேட்பவருக்குப் பத்தாண்டு கழித்துப் பிறக்கப்போகும் அந்த நாடோடி நாயகியின் நடை அதிலேயே தொடங்கிவிட்டது புலனாகும். முழுவதையும் வரிசையாகக் கேட்டவர்களுக்கு மட்டுமே கிட்டும் தரிசனம் இது.

1868-ஆம் ஆண்டு வருகிறது. டி மேஜர் இரவுப்பாட்டு ஒன்று. ‘கடற்காட்சி’ என்று பெயரிய சிறிய உருப்படி ஒன்று. இவற்றுக்கெல்லாம் சிகரமாகக் ‘குரோமாட்டிக் மாறுபாடுகள்’. இந்தக் கடைசி உருப்படியைப் பற்றிச் சற்று நின்று பேச அனுமதிக்க வேண்டும்.

கர்நாடக சங்கீதம் அறிந்த உங்களுக்கு இதன் அமைப்பை விளக்குவது எளிது. ஆதார ஷட்ஜம் அடியில் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களும் ஒன்றையும் தள்ளாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, அதே முறையில் இறங்குகின்றன. அவ்வளவுதான் கருப்பொருள். நம் சம்பிரதாயத்தில் எந்த ராகமும் இப்படிப்பட்ட ஆரோகண அவரோகணத்தை ஏற்காது. ராகம் என்பதே சிலவற்றை ஏற்றுச் சிலவற்றை விலக்குவதால் பிறப்பது. எதையும் விலக்காத இந்த வெறும் ஏணியில் பாவம் எங்கிருந்து வரும் என்று ஐயுறுகிறோம். பிஸே அதை எடுத்துப் பதினான்கு மாறுபாடுகளாக விரிக்கிறார்: முதல் ஏழும் சோகச் சாயலுடைய மைனர் அமைப்பில், அடுத்த ஏழும் ஒளி பொருந்திய மேஜர் அமைப்பில், பிறகு மீண்டும் இருளுக்குள் திரும்பும் நெடிய முடிவுரை. ஒன்றில் அந்த ஏணி இடி முழக்கமாகிறது, ஒன்றில் அடிக்குரலில் மறைந்து, மேலே வேறு பாட்டு நடக்கிறது, ஒன்றில் நாட்டியமாகிறது. கமகம் இசைக்க இயலாத, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிச் சாவியில் நிலைத்துவிட்ட பியானோவுக்கு, அந்தக் குறையையே குணமாக்கி எழுதிய உருப்படி என்று இதைச் சொல்வேன். ஸ்டீஃபன் ஹெல்லர் என்னும் பியானோ வித்வானுக்கு இது காணிக்கையாக்கப்பட்டது. நூறாண்டுகள் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது. கனடா நாட்டு கிளென் கூல்ட், கச்சேரி மேடையைத் துறந்து பதிவுக்கூடத்தையே தவச்சாலையாகக் கொண்ட அந்த அபூர்வ வித்வான், 1971-இல் இதையும் டி மேஜர் இரவுப்பாட்டையும் பதிவு செய்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பியானோ இசையில் இதற்கு மிக உயர்ந்த இடம் கொடுத்துப் பாராட்டிய பிறகுதான், உலகம் திரும்பிப் பார்த்தது. முத்துச் சலாபத்தைப் பாடி அவமானப்பட்ட அந்த ஆசிரியர், ஐந்தாண்டு கழித்துத் தனியறையில் அமர்ந்து செய்த இந்தச் சிருஷ்டி, அவருடைய எந்த இசைநாடகத்துக்கும் தாழ்ந்ததன்று என்பது என் துணிபு.

எல்லாவற்றையும் தனி ஒருவரே வாசிப்பதில் ஒரு தர்மமும் அடங்கியிருக்கிறது. சிறந்தவற்றை மட்டும் பொறுக்கி வாசிக்கும் வித்வான் தம் புகழுக்கும் துணை செய்துகொள்கிறார். முழுவதையும் வாசிக்க முன்வருபவரோ, பதினைந்து வயதுப் பிள்ளையின் வால்ஸுக்கும் முதிர்ந்த மேதையின் மாறுபாடுகளுக்கும் ஒரே சிரத்தையைச் செலுத்தக் கடமைப்பட்டவர். ஆசிரியர் தடுமாறிய இடத்தை மூடி மறைக்க அவருக்கு உரிமை இல்லை. தம்மை அடக்கி ஆசிரியரை முன்னிறுத்தும் இந்த விநயம் கைகூடாத வித்வான், எத்தனை வேகமாக விரலை ஓட்டினாலும், இந்தக் காரியத்துக்குத் தகுதியுடையவராகமாட்டார்.

ஓர் ஆசிரியரை முழுமையாகக் காத்துக் கொடுப்பது மேல்நாட்டார் மட்டும் கண்ட முறை என்று எவரும் எண்ண வேண்டாம். இங்கிருந்து சில மணி நேரத்தில் சென்றுவரக் கூடிய எட்டயபுரத்தில், 1835-இல் முத்துஸ்வாமி தீக்ஷிதர் சமாதியடைந்தார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், மேல்நாட்டு வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்கு உரிமையாக்கிய மகான், அந்த ஊர்ச் சமஸ்தானத்தை அலங்கரித்தவர். அந்த மரபில் வந்த சுப்பராம தீக்ஷிதர், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் 229 உருப்படிகளை ஸ்வரக் குறிப்போடு பதித்துச் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் மாபெரும் நூலை 1904-இல் எட்டயபுரத்திலேயே வெளியிட்டார். அவரைத் தூண்டி, வற்புறுத்தி, வீட்டுச் சொத்தாக இருந்ததை உலகுக்கு வழங்கச் செய்தவர் சின்னசாமி முதலியார். மேல்நாட்டு ஸ்வர எழுத்தில் நம் கீர்த்தனைகளை அச்சிடப் பெருமுயற்சி செய்த கிறிஸ்தவர் அவர். பியானோவின் எழுத்துமுறையை அறிந்த ஒருவருடைய ஆர்வம் இல்லாதிருந்தால் தீக்ஷிதரின் கிருதிகளிற் பல இன்று நமக்குக் கிட்டியிரா. ஆகவே இந்த மாவட்டத்து மண்ணில் மேல்நாட்டு இசையறிவு அந்நியப் பொருளாக இருந்ததில்லை. பனிமய மாதா பேராலயம் முதலாகக் கடற்கரையோரத்துக் கோயில்கள்தோறும் பாடற்குழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பல குரல்களில் பாடிப் பழகியிருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளில் பியானோப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இன்றும் உண்டு.

இங்கே பியானோக் கச்சேரி நடத்தத் தடை இல்லாமல் இல்லை. உப்புக் காற்று பியானோவுக்குப் பகை. கம்பிகள் துருப்பிடிக்கும், சுத்தியல்களின் கம்பளம் ஈரம் வாங்கி விறைக்கும், பலகை உப்பிச் சுருதி நிலைக்காது. ஆயினும் கச்சேரிக்குச் சில நாள் முன்னதாகவே கருவியைக் கூடத்தில் வைத்து, அந்தக் காற்றுக்குப் பழகவிட்டு, சுருதி கூட்டுபவரை இரண்டு முறை வரவழைத்தால் இது கடக்கக் கூடிய தடைதான்.

கடைசி முத்துக் குளிப்பு இக்கடலில் 1961-இல் நடந்தது; அதைப் பாடியவரின் பியானோ இசையோ இன்னும் திறக்கப்படாமல் கிடக்கிறது. பிஸேயின் 200-ஆவது பிறந்த ஆண்டு 2038-இல் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன். இந்நகரத்துக் கல்லூரிகளும் கோயிற் பாடற்குழுக்களும் சபாக்களும் ஒன்றுகூடி, ஒரு நல்ல பியானோவையும் ஒரு தகுந்த வித்வானையும் வரவழைத்து, அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பிஸேயின் தனிப் பியானோ இசை முழுவதையும் முதல் உருப்படியிலிருந்து கடைசி உருப்படிவரை வாசிக்கச் செய்ய வேண்டும். இரண்டாம் மாலையின் முடிவில், இருவர் ஒரே பியானோவில் அமர்ந்து வாசிக்க அவர் 1871-இல் எழுதிய பன்னிரண்டு குழந்தை விளையாட்டுகளில் சிலவற்றை, வந்த வித்வானோடு நம் ஊர் மாணவர் ஒருவர் சேர்ந்து வாசிக்கட்டும். நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள். சங்கு குளிக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்குங்கள். அதற்கு வேண்டிய விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.